கீழே பெயரில்லாத போர்டு

பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த பழனிவேல், தன் அம்பாசடர் காரின் மூக்குக்கு நேரே ஒரு போர்டு முளைத்திருப்பதைப் பார்த்தார்.

ஒற்றை இரும்புக் குழாயின் மேல் ஆளுயரத்துக்கு நின்றது. வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து. 'இங்கு வாகனங்களை நிறுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' அதற்குக் கீழே இரண்டு சாண் அளவுக்கு எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருந்தது. மாசித் திருவிழாப் பந்தலுக்குத் தோண்டி, மூடாமல் விட்டுப்போன குழியில் குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

நிஜந்தானா என்று தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. துடைக்க இடம் தேடி, ஏதோ யோசனையில் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அந்தச் சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

இது நடந்தது 2001 மார்ச்சில். அரியலூர் தனி மாவட்டமாகி மூன்று மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. ஊர் மேலக்குறிச்சி, அரியலூருக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பேரூராட்சி. தெருவுக்குப் பெயர் சத்திரத்துத் தெரு. மேட்டில் தொடங்கி ஏரிக்கரை வரைக்கும் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு பழனிவேலின் வாசலில்தான் ஆரம்பித்தது.

அதுதான் அவர் பிழைப்பே. காரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் கெட்டு நாலு வருஷமாகியிருந்தது. மூன்று மெக்கானிக்குகள் மூன்று முறை சரிசெய்தார்கள். மூன்று முறையும் ஒரு வாரம் தாங்கியது. அதற்கப்புறம் பழனிவேல் மெக்கானிக்குகளை விட்டுவிட்டுத் தெருவை நம்ப ஆரம்பித்தார். காலையில் ஹேண்ட் பிரேக்கை எடுத்து வண்டியை உருளவிட்டு, நாலாவது வீடு தாண்டும்போது கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். கல்யாணம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் மேலே திருச்சி ஏர்போர்ட் சவாரி, எல்லாம் அந்தச் சரிவிலிருந்து புறப்பட்டவைதான்.

மனைவி மலர்க்கொடி வந்து போர்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, புடுங்கி ஏரியில போட்டுட்டு வந்து காப்பி குடிங்க."

"கவர்மெண்டு போர்டும்மா. கைய வெச்சா உள்ள தள்ளிருவான்."

"கவர்மெண்டுன்னு எங்க எழுதியிருக்கு?"

பழனிவேல் பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட மனைவி கேட்ட இந்தக் கேள்வியைச் சொன்னதில்லை.

ஆனால் கேள்வி மனதில் உறுத்தியது. எதிர்வீட்டு இளையபெருமாளிடம் போனார். அவர் தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குத் தெருவை நோக்கி இறங்கும் ஐந்து கருங்கல் படிகள் உண்டு. காலையில் மூன்றாவது படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அரசாங்க விஷயம் எதுவானாலும் தெருவுக்கு அவர் சொன்னதுதான் முடிவு.

இளையபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போர்டை ஒரு தாசில்தார் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பேரூராட்சி வெச்சிருந்தா பேரூராட்சின்னு போட்டிருப்பான். போலீஸ் வெச்சிருந்தா போலீஸ்னு போட்டிருப்பான். பேரே போடலன்னா என்னங்க அர்த்தம்?"

"என்ன சார் அர்த்தம்?"

"ரொம்ப மேலேருந்து வந்திருக்குன்னு அர்த்தம். புது மாவட்டம், புது ஆபீசருங்க. பெயிண்டு காயுறதுக்குள்ள கொண்டாந்து நட்டிருக்கான் பாருங்க. அவ்வளவு அவசரம்."

பழனிவேல் அதற்கு மேல் போர்டைத் தொடவில்லை.

அதற்குள் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மூன்றாவது வீட்டு தாஜுதீன் பாய் தன் மாருதி வேனுக்காகக் கவலைப்பட்டார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், இருபது வருஷமாக இங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மகன் முகமது அனஸ் மூன்று வருஷம் கழித்து ஷார்ஜாவிலிருந்து வருகிறான். தங்கை ஃபர்ஹாவின் நிக்காஹ்வுக்காக ஏப்ரல் பதினேழாம் தேதி திருச்சியில் இறங்குகிறான். குடும்பத்தோடு போய் அழைத்துவர பழனிவேலின் கார்தான் என்று பேசி ஒரு மாதமாகிறது. பாயின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஏற்றி இறக்கியது பழனிவேல்தான்.

"தம்பி, பதினேழாம் தேதிக்குள்ள இது சரியாயிரும்ல?"

"என்ன பாய், அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. ஒரு மனு கொடுத்தா முடிஞ்சுது."

மனுவை இளையபெருமாள் எழுதினார். 'எங்கள் தெருவில் திடீரென விதிக்கப்பட்டுள்ள வாகன நிறுத்தத் தடையை நீக்கித் தருமாறு' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் போனது. பழைய பழக்கத்தில் நகல் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று அடியில் போட்டார். அது தேவையா என்று பழனிவேல் கேட்டபோது, நகல் இல்லாத மனு குடை இல்லாமல் மழையில் போவது மாதிரி என்றார்.

பேரூராட்சி அலுவலகத்தில் நடராசன் என்கிற கிளார்க் மனுவை வாங்கிப் படித்தார். பீரோவைத் திறந்து மூன்று கட்டுகளைப் பிரித்துத் தேடினார். சத்திரத்துத் தெருவில் போர்டு வைத்ததாக எந்த ஃபைலும் இல்லை. அவர் முகத்தில் வியர்வை அரும்பியதைப் பழனிவேல் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க வைக்கலங்களா சார்?"

"போர்டு இருக்குதுல்ல? இருக்குதுன்னா ஃபைலும் இருந்திருக்கணும். இப்ப இல்லன்னா, ஃபைல் தொலஞ்சுபோச்சுன்னு அர்த்தம்." குரலைத் தாழ்த்தினார். "இந்த விஷயம் வெளிய போக வேணாம்ங்க. எலக்‌ஷன் நேரம். என் வேலைக்கே வெனையாயிரும்."

அன்று மாலையே நடராசன் தொலைந்த ஃபைலுக்குப் பதிலாகப் புது ஃபைல் ஒன்றைத் திறந்தார். தடை இருக்கிறது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டுமே. பழனிவேலின் மனுவில் தடை இருப்பதாகத் தெளிவாக எழுதியிருந்தது. அதையே முதல் பக்கமாக வைத்துக் கட்டினார்.

நகல் போன இடத்தில் வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடந்தது. அப்படி ஒரு தடை இருப்பதே ஸ்டேஷனுக்கு அதுவரை தெரியாது. மனுவைப் படித்துத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் சத்திரத்துத் தெருவைக் கவனிக்க ஒரு கான்ஸ்டபிளை நியமித்தார்கள். அவர் வந்து முதலில் எழுதிக்கொண்டது பழனிவேலின் வண்டி நம்பரைத்தான். இன்றைக்கு எச்சரிக்கை, நாளைக்கும் இங்கே நின்றால் கேஸ் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மலர்க்கொடி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

தெரு வண்டிகளெல்லாம் கீழே ஏரிக்கரைக்கு இறங்கின. மற்றவர்களுக்கு அது நடை தூரம் மட்டும்தான். பழனிவேலுக்கு அப்படியில்லை. ஏரிக்கரை சமதளம். அங்கே அம்பாசடர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு சவாரிக்கும் ஆறு பேரைக் கூப்பிட்டு மேட்டுவரை தள்ளிக்கொண்டு வந்து, திருப்பி, மறுபடி சரிவில் உருளவிட வேண்டியிருந்தது. முதல் வாரம் பிள்ளைகள் உற்சாகமாகத் தள்ளினார்கள். இரண்டாவது வாரம், பழனிவேல் வாசல் தாண்டி வெளியே வந்தாலே தெருக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மலர்க்கொடி மறுபடியும் சொன்னாள். இந்தமுறை ஏரி வரைக்கும்கூடப் போக வேண்டாம், படுக்கவைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டால் போதும் என்றாள். இப்போது கை வைத்தால் இரண்டு ஆபீசில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் பழனிவேல். அது உண்மையாகத்தான் இருந்தது.

எனவே தெரு முழுக்கச் சேர்ந்து கலெக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. போகும்போது பிடித்துக்கொள்ள ஒரு பேனர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று தாஜுதீன் பாய் சொன்னார். பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் பெயிண்டர் அரியமுத்துவைத் தேடிப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. பிரஷ் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரையும் கட்சிக்காரர்கள் சுவரெழுத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பேனர் இல்லாமலே போனார்கள்.

நாற்பத்திரண்டு கையெழுத்து. இளையபெருமாள் இந்தத் தடவை உருக்கமாக எழுதியிருந்தார். 'எங்கள் தெரு மிகவும் குறுகலானது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அவ்வளவு நெருக்கடியிலும் நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஒற்றுமையுடன் வண்டிகளை நிறுத்தி வாழ்ந்து வருகிறோம்.' படித்துக் காட்டியபோது தாஜுதீன் பாயின் கண் கலங்கியது.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டதால் திங்கட்கிழமை மனு வாங்குவது நின்றிருந்தது. வாசலில் ஒரு பெட்டி இருந்தது. அதில் போட்டுவிட்டு வந்தார்கள்.

பத்து நாள் கழித்து ஜீப்பில் நாலு பேர் டேப்போடு வந்து இறங்கினார்கள். தெரு ஜனம் மாலை ஒன்றுதான் போடவில்லை. இளையபெருமாள் படியிறங்கிப் போய்க் கும்பிட்டு, தான் ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க் என்பதையும் மனு தன்னுடைய எழுத்துதான் என்பதையும் சொன்னார்.

"ரொம்ப உபயோகமா எழுதியிருக்கீங்க சார்," என்றார் வந்தவர்களில் பெரியவர். "இவ்வளவு குறுகலான தெருவுல ஒரு தீயணைப்பு வண்டி உள்ள வர முடியுமான்னு யாருமே யோசிச்சதில்ல."

மேட்டிலிருந்து ஏரிக்கரை வரை அளந்தார்கள். பழைய வரைபடத்தில் தெரு இப்போதிருப்பதைவிட ஐந்தடி அகலமாக இருந்தது. அந்த ஐந்தடி எங்கே போயிற்று என்று பார்த்தபோது, அது படிகளாகவும் சாக்கடை மேல் போட்ட கல்லாகவும் வீட்டு வாசல்களில் கிடந்தது. இடிக்க வேண்டியவற்றின் மேல் சிவப்பு பெயிண்டால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். இளையபெருமாளின் ஐந்து படிகளில் நாலுக்குக் கோடு விழுந்தது. அவர் உட்காரும் மூன்றாவது படியில் கோடு கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

போர்டை என்ன செய்வது என்று பழனிவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார். தேர்தல் முடிகிறவரை ஏற்கெனவே இருக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது, தொட்டால் அது தேர்தல் கேஸாகிவிடும் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது.

அன்றிலிருந்து தெருவில் இளையபெருமாளோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். பழனிவேலோடு பேசுகிறவர்கள் அதற்கும் முன்பே குறைந்திருந்தார்கள். முதல் மனு அவருடையது என்பதை யாரும் மறக்கவில்லை.

ஏப்ரல் பதினேழு வந்தது. அனஸின் விமானம் கொழும்பு வழியாகப் பதினொரு மணிக்குத் திருச்சியில் இறங்கும். ஏழு மணிக்கெல்லாம் பாயின் மனைவி ஹஃபீசாவும் ஃபர்ஹாவும் புதுத்துணி உடுத்தி, மூன்றடுக்குக் கேரியரோடு வாசலில் தயாராக நின்றார்கள். பழனிவேல் விடிந்ததிலிருந்து கதவு கதவாகத் தட்டி எட்டுப் பேரைச் சேர்த்திருந்தார். பாயும் ஒரு கை கொடுத்தார். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்காத மகன்.

ஏரிக்கரையிலிருந்து மூச்சுத் திணறத் திணறத் தள்ளிக்கொண்டு வந்து, வண்டியை மேட்டில் கொண்டுவந்து திருப்பினார்கள். அதற்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு எட்டுப் பேரும் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். வண்டி தன் பழைய இடத்தில், போர்டுக்கு நேர் கீழே நின்றது.

கான்ஸ்டபிள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார்.

"அண்ணே, இங்க நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"நிறுத்தல சார். மூச்சு வாங்குறோம்."

"மூச்ச நீங்க வாங்குங்க. வண்டி நிக்குதே."

கான்ஸ்டபிள் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று பார்த்து பின்னாலேயே இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்துகொண்டிருந்தது. தினமும் மலர்க்கொடியின் காப்பியைக் குடித்த கையால் அவர் கேஸ் எழுதினார். ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்க வேண்டிய ஏட்டு தேர்தல் மீட்டிங்குக்கு அரியலூர் போயிருந்தார். பழனிவேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே பாய் நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தன் மாருதியிலாவது போகலாம் என்றால் அதை ஓட்டுகிற பையன் லீவு. பாய்க்கு ஓட்டத் தெரியாது.

ஏட்டு வந்தபோது மணி ஐந்து. இருவரும் தெருவுக்குத் திரும்பி வந்தபோது, ஏரிக்கரைப் பக்கமிருந்து கயிறு கட்டிய பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் மேடேறி வந்துகொண்டிருந்தான். கோட்டு போட்டிருந்தான். கிட்ட வந்த பிறகுதான் அனஸ் என்று தெரிந்தது. ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறான்.

ஹஃபீசா ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டாள். பெட்டி தலையிலேயே இருந்தது. அதை இறக்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பழனிவேல்தான் போய் இறக்கினார்.

"பாய்," என்றார்.

"இருக்கட்டும் தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார் தாஜுதீன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பழனிவேல் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அனஸ் திரும்பிப் போகும்போது பெரம்பலூரிலிருந்து ஒரு சுமோ வந்து வாசலில் நிறுத்தாமல், மெதுவாக ஊர்ந்துகொண்டே அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. அப்புறம் வந்த ஏர்போர்ட் சவாரிகளும் அந்தச் சுமோவுக்கே போயின.

மே மாதம் தேர்தல் முடிந்தது. முடிந்த கையோடு இயந்திரம் வந்து படிகளை இடித்தது. இளையபெருமாள் வீட்டுக்குள் போக ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். பேப்பரை உள்ளேயே படித்தார். நடராசனின் ஃபைல் அதற்குள் நூற்றுப் பத்துப் பக்கமாக வளர்ந்திருந்தது. பேரூராட்சிக் கூட்டத்தில் அதை வைத்து, ஏற்கெனவே நடைமுறையில் உள்ள தடையைத் தெரு முழுமைக்கும் நிரந்தரமாக்கி ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் போட்ட மூன்றாம் நாள் பழனிவேல் காரை விற்றார். வாங்கியவர் ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி. பழனிவேல் அவரிடம் முதலில் கேட்டது, வீட்டு வாசல் சரிவாக இருக்குமா என்பதைத்தான். நல்ல சரிவு என்றார் அவர். அந்த வகையில் பழனிவேலுக்குத் திருப்தி. ஜூன் முதல் தேதியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வேனில் டிரைவராகச் சேருவதாக ஏற்பாடு. வேனுக்குச் செல்ஃப் இருந்தது. அதை அவர் நம்பவில்லை.

காரைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை, வாசலில் காலியாகக் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி வாகனமா இல்லையா என்று கான்ஸ்டபிள் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் பெயிண்டர் அரியமுத்து இரண்டு டின்னும் பிரஷ்ஷுமாக வந்தான். இரண்டரை மாதம் சுவர் சுவராக எழுதி ஆள் கறுத்துப் போயிருந்தான். நேற்றுத்தான் ஊர் திரும்பினானாம். வந்ததும் வராததுமாக நடராசன் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். கையில் பேரூராட்சிச் சீட்டு. சத்திரத்துத் தெருவில் தற்போதுள்ள போர்டின் அடியில் 'செயல் அலுவலர், மேலக்குறிச்சி பேரூராட்சி' என்று எழுத வேண்டும், அதேபோல ஏரிக்கரை முனைக்கு இன்னொன்று புதிதாகச் செய்ய வேண்டும்.

மலர்க்கொடி அவனுக்கு ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டின்னைத் திறந்து, போர்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுதவில்லை. எழுந்து போர்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். குழாயைப் பிடித்து ஆட்டினான். சீட்டை மறுபடியும் படித்தான். பிறகு பழனிவேலைத் திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, இது ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஃபேக்டரி கேட்டுக்கு நான் எழுதுன போர்டுண்ணே, எங்க சந்துல வெயிலே வராது, கம்பெனி பேர காலையில எழுதிக்கலாம், அதுவரைக்கும் காயட்டும்னு இந்தப் பந்தக்கால் குழியில நட்டுட்டுப் போனேன், அதுக்குள்ள கட்சிக்காரங்க வந்து லாரியில ஏத்திட்டாங்க, இத்தன நாளா யாருக்கும் எடஞ்சலா இல்லீல்ல?"